கரும்பு வெட்டியவர்களைக் கப்பலேற்றியது ஏன்?

கேள்வி: குயின்ஸ்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, பிறகு சட்டம் போட்டுத் துரத்தினார்கள் என்றான். கூட்டிவந்தவர்களே ஏன் விரட்ட வேண்டும்? வெறும் நிறவெறிதானா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: நிறவெறிதான் அம்மா. ஆனால் வெறும் வெறுப்பாக இருந்திருந்தால் கூட்டிவந்தே இருக்க மாட்டார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் தேடியது வரியும் வணிகமும். ஆஸ்திரேலியாவில் அவர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே குடியமர்ந்தார்கள். பூர்வகுடிகளைக் கொன்றும் விரட்டியும் பறித்த மண்ணில் கரும்பு நட்டார்கள். அதை வெட்ட ஆள் வேண்டும். வெட்டுகிறவன் குடும்பத்தோடு வேரூன்றி, நாளைக்கு நிலமும் ஓட்டும் கேட்கக் கூடாது.

1863-இல் ராபர்ட் டவுன்ஸ் என்ற வணிகர் தன் பருத்தித் தோட்டத்துக்காக முதல் கப்பலை வரவழைத்தார். டவுன்ஸ்வில் நகரம் இவர் பெயரில்தான் இருக்கிறது. கரும்புத் தோட்டக்காரர்களும் அதே வழியில் போக, அடுத்த 40 ஆண்டுகளில் ஏறக்குறைய 62,000 ஒப்பந்தங்களில் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் இன்றைய வனுவாட்டு, சாலமன் தீவுகளைச் சேர்ந்தவர்கள். விரும்பி வந்தவர்களும், திரும்பத் திரும்ப வந்தவர்களும் உண்டு. ஆனால் தொடக்க ஆண்டுகளில் பலரை ஏமாற்றியும் கடத்தியுமே கப்பலேற்றினார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 6 பவுன் கூலி. தங்கள் தீவில் கண்டறியாத நோய்கள் தாக்கி, வந்த புதிதிலேயே ஏராளமானோர் இறந்தார்கள். இறந்தவரின் கூலியை அரசாங்கம் ஒரு நிதியில் சேர்த்துவைத்தது. பெரும்பாலும் அது ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போய்ச் சேரவில்லை.

வெள்ளைத் தொழிற்சங்கங்கள் எடுத்த நிலைதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. தீவுக்காரர்களால் எங்கள் கூலி குறைகிறது என்றார்கள். அவர்களுக்கும் அதே கூலி கொடு என்று கேட்டிருக்கலாமே! வெளியேற்று என்றார்கள். 1901-இல் தனித்தனிக் காலனிகள் இணைந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானதும் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, 1904 மார்ச்சுக்குப் பிறகு புதிய தீவுக்காரர் யாரும் வரக் கூடாது, 1906 முடிந்தபின் இருப்பவர்களை நாடுகடத்தலாம் என்றது. வெள்ளையர் கையால் விளைந்த சர்க்கரைக்கு அரசே ஊக்கத்தொகை கொடுத்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தச் செலவுக்கு, இறந்த தொழிலாளிகளின் கூலிப் பணத்திலிருந்தும் எடுத்தார்கள்!

அதே 1901-இல் வந்த குடியேற்றத் தடைச் சட்டம், அதிகாரி தான் விரும்பிய ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்ல, வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும் என்றது. இதற்கு மாதிரி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1897-இல் வந்த சட்டம். 1860 முதல் தமிழர்களைக் கரும்புக்குக் கொண்டுபோன அதே நேட்டால்தான். அங்கே ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்தத் தடை கிடையாது; சொந்தச் செலவில் வரும் இந்தியரைத்தான் அது தடுத்தது. கூலியாக வரலாம், குடியேறக் கூடாது: உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

எல்லோரையும் அனுப்பிவிட முடியவில்லை. தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மெக்கே, பண்டபெர்க் பகுதிகளில் வாழ்கிறார்கள். ஆம்ப்ரிம் தீவிலிருந்து 1883-இல் கடத்தப்பட்டவரின் மகள் ஃபெய்த் பேண்ட்லர், பூர்வகுடிகளுக்கான 1967 பொதுவாக்கெடுப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். இவர்களைத் தனிச் சமூகமாகக் கூட்டரசு ஏற்றது 1994-இல்தான். முன்னோரின் கூலிப் பணத்தை அவர்கள் கேட்பது சலுகையல்ல, கடன். ஆஸ்திரேலிய அரசு அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.