பிளேட் வைத்தால்தான் கை மேலே போகுமா?

றொசல்லயின் தேயிலைச் சரிவுகளில் மழைநாளில் கான் தாண்டும்போது சறுக்கி, கையூன்றி விழுந்த கொழுந்துப் பெண்ணுக்குத் தோளருகே எலும்பு முறிந்தால், லயத்தில் முதலில் எழும் பேச்சு ‘பிளேட் வைக்காவிட்டால் இனிக் கை மேலே போகாது’ என்பதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு விலகி நிற்பது அந்தப் பயத்தை உறுதியாக்குகிறது. சில நாளில் முழங்கை வரை இறங்கும் கருநீலம் மிச்சத்தையும் செய்துவிடுகிறது. (முறிவில் கசிந்த இரத்தம் கீழே இறங்குவதுதான் அது, கை அழுகவில்லை.) இடுப்பு முறிந்த முதியவரைச் சத்திரசிகிச்சை எழுந்து நடக்க வைத்ததைக் கண்டவர்கள் தோளுக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். ஆனால் இடுப்பு உடலின் பாரத்தைச் சுமப்பது, தோள் தொங்குவது. தூளிக்கட்டில் தொங்கும் கையின் கனமே முறிந்த துண்டுகளை ஓரளவு நேராக இழுத்து வைக்கும். தோள்பந்து அமரும் குழியும் ஆழமற்றது. எனவே எலும்பு சற்றுக் கோணலாகக் கூடினாலும் தோளின் தாராளமான சுழற்சி பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும்.

இது ஊகமல்ல. பிரித்தானியாவில், விலகிய தோள் முறிவுள்ள 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சையும் மறுபாதிக்குத் தூளிக்கட்டும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 2015இல் வெளியான முடிவில், 48 புள்ளி கொண்ட தோள் அளவுகோலில் இரு தரப்பும் 39, 38 என்று ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. ஐந்தாண்டு கழிந்தும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. வயதானவரின் எலும்புத்தலை உள்ளே பஞ்சுபோல் இருப்பதால் பிளேட்டைப் பிடிக்கும் ஸ்குரூ பிடிமானம் இழந்து மூட்டுக்குள் துருத்துவதும் உண்டு. அப்போது இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

‘பிரித்தானிய மூதாட்டியா கொழுந்து பறிக்கிறாள்?’ என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிய, கை உயர்ந்து பின்னால் திரும்ப வேண்டும். அந்த ஆய்வில் சராசரி வயது 66. எனவே முப்பது வயதுக்காரியின் முறிவுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. அதற்காக, உலோகம் இருந்தால் கை தானாக உயரும் என்றும் ஆகிவிடாது. உயர்த்துபவை தசைகள். அசையாத தோள் இறுகிப்போகும். பெரிதாக விலகாத முறிவுள்ள 86 பேரை ஷெஃபீல்டில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டபோது, மூன்று வாரம் கட்டி வைத்தவர்களைவிட முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கியவர்களே வலி குறைந்து விரைவாகத் தேறினார்கள். சத்திரசிகிச்சை வேண்டாமென்றால் பத்துப்போட்டு ஆறு வாரம் இறுக்கிக் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில். வைத்தியர் சொல்லும் நாளில், முன்குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்ட லயத்து வாசல் போதும்.

பிளேட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பந்து குழியைவிட்டு நழுவியிருந்தால், எலும்புத்தலையே பிளந்திருந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால் கணக்கு வேறு. நழுவிய முறிவுகளை அந்த 250 பேரில் சேர்க்கவே இல்லை. விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ, தோளின் வெளிப்புறத் தோல் மரத்துப் போனாலோ, கட்டு வைத்தியரிடம் போகும் வழியிலிருந்து திரும்பி அன்றே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நாவலப்பிட்டிக்கோ போக வேண்டும்.