எளிமை வறுமை அன்று

பக்கவாத்தியம் மிகுந்தால்தான் பாட்டுச் சிறக்கும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். விழா மேடையில் ஒருவர் பாட எழுந்தால், “வாசிக்க யார் யார் வருகிறார்கள்?” என்பதே முதற் கேள்வி. இவ்வெண்ணம் சரிதானா என்று ஆராயத் தூண்டுவது, ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் 1972இல் வெளியிட்ட ‘பிங்க் மூன்’ என்னும் இசைத்தட்டு.

டிரேக் 1948இல் இரங்கூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். பட்டம் பெறுமுன்னரே இசையை நாடி வெளியேறினார். பாட்டெழுதி, இசையமைத்துப் பாடுபவரும் அவரே. நாட்டுப்பாடலும் ராக் இசையும் கலந்த ‘ஃபோக் ராக்’ அந்நாளில் அங்கே தழைத்திருந்தது. அவருடைய முதல் தட்டு 1969இல் வந்தது. அதிற் சில பாடல்களுக்கு வயலின் முதலிய கருவிகளின் இசையை அமைத்தவர், உடன் பயின்ற ராபர்ட் கர்பி. 1971இல் வந்த இரண்டாம் தட்டில் டிரம்ஸும் ஊதுகருவிகளும் சேர்ந்தன. இரண்டும் விலைபோகவில்லை.

மூன்றாவதாகிய ‘பிங்க் மூன்’ 1971 அக்டோபரில், லண்டனில், சவுண்ட் டெக்னிக்ஸ் நிலையத்தில் பதிவாயிற்று. இரண்டே இரவுகள், டிரேக்குடன் இருந்தவர் ஒலிப்பதிவாளர் ஜான் வுட். ஒரு குரல், ஒரு கிட்டார், அவ்வளவே. தலைப்புப் பாடலில் மட்டும் டிரேக்கே வாசித்த பியானோ பின்னர்ச் சேர்க்கப்பட்டது. வேறெதுவும் வேண்டா என்பது அவர் முடிவு. பாடல்கள் 11, நேரம் சுமார் 28 நிமிடம்.

இவ்வெளிமை எளிதில் வந்ததா? இல்லை. பாட்டுக்கேற்பக் கிட்டாரின் தந்திகளை வெவ்வேறு சுருதிக்கு மாற்றிக் கூட்டுவது டிரேக்கின் வழக்கம். கட்டைவிரல் தடித்த தந்திகளில் நடையைக் காக்க, ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளில் இசையைப் பின்னும். பலர் செய்யும் வேலையை ஒரு கை செய்கிறது! தனிப் பாட்டில் பிழையை மறைக்கத் திரை இல்லை. ஆதலின் பயிற்சியும் மிகுதியாக வேண்டும்.

மனச்சோர்வால் வாடிய டிரேக், 1974 நவம்பரில், தம் 26ஆம் வயதில், மருந்து அளவு மீறியதால் இறந்தார். அதனால் இத்தட்டை அவருடைய இறுதி ஓலையாகவே கேட்பாரும் உளர். அது பொருந்தாது. பதிவுக்கும் இறப்புக்கும் இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. 1974இலும் அவர் புதிய பாடல்களைப் பதிவு செய்தார். கலைஞரின் துயரை அறிதல் வேறு; அதையே பாட்டின் பொருளாகக் கொள்ளுதல் வேறு அன்றோ?

இத்தட்டும் அன்று விற்கவில்லை. 1990களின் இறுதியில் அதன் தலைப்புப் பாடல் ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்த பின்னரே பல்லாயிரவர் வாங்கினர். பாட்டு அதுவேதான், கேட்க ஆள் வரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. விற்பனையை அளவுகோலாகக் கொள்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, இதனை மூன்று முறை கேளுங்கள். முதன்முறை குரலை மட்டும். அடுத்து அந்தக் கட்டைவிரலை. பின்னர் ஏனைய விரல்களை. அதன்பின் உங்கள் அடுத்த விழாவில் ஒருவரேனும் தனித்துப் பாடத் துணியட்டும்.