வேலை தேடும் வழியும் துணைக்கருவிகளும்

பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் கூடிநின்று, பெயர் வாசிக்கப்பட்டதும் மரம் சீவப் புறப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அன்று வேலையை நாம் தேடிச் செல்லவில்லை. கங்காணியின் குரலே வேலையைக் கொண்டுவந்தது. குடியிருக்க லயமும் பிள்ளைகள் படிக்கத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஆகவே, வேலை தேடுவதைத் தனியே கற்றுக்கொள்ளும் தேவை நம் பெற்றோருக்கு ஏற்படவில்லை.

அந்நிலை மாறிவிட்டது. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டித் தோட்டத் துண்டாடல் பரவியது. அதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. ஈயத்தின் விலை 1985-இல் சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தோட்டத்தில் வேலை போனவருக்கு வீடும் கூடவே போயிற்று.

இன்று வேலை வேறிடங்களில் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையும், பத்து காஜாவில் 2015-இல் திறக்கப்பட்ட இரயில் பெட்டித் தொழிற்சாலையும் உள்ளன. ஈப்போவைச் சுற்றி மெங்லெம்பு, ஜெலாப்பாங் முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் இயங்குகின்றன. நம் இளைஞர்களுள் பலரோ, “தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்” என்று இன்னும் காத்திருக்கின்றனர். தெரிந்தவரின் சொல் நல்ல துணைதான். ஆனால் அவர் அறிந்த இடத்தோடு அது நின்றுவிடும். அதற்கு அப்பால் செல்ல உதவும் கருவிகள் எவை என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதற் கருவி: பத்திரங்கள்

பத்திரம் இல்லாதவருக்கு எந்தக் கதவும் எளிதில் திறவாது. இதனை நம் சமுதாயம் துயரத்தோடு கற்றிருக்கிறது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் எனும் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் தீவிரமாக நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் பல்லாண்டுகள் உழைத்தும் குடியுரிமைக்கு மனுச் செய்யாதிருந்தோர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். உழைப்பு அவர்களிடம் இருந்தது. அதற்கு ஆதாரமான தாள் இல்லை.

ஆகவே பிறப்புப் பத்திரம், மைகார்டு, பள்ளிச் சான்றிதழ், வாகன உரிமம், பழைய சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைக்கவேண்டும். பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருப்பின், வேலைக்கு மனுச் செய்யுமுன்பே தேசியப் பதிவு இலாகாவை அணுகுதல் நன்று. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபின் ஓடுவது காலங்கடந்த முயற்சியாகும்.

இரண்டாம் கருவி: பதிவு

முன்னர் தொழிலாளர் இலாகா நடத்திவந்த வேலைப் பதிவுச் சேவையின் இடத்தில் இன்று ‘மைஃபியூச்சர்ஜொப்ஸ்’ எனும் தேசிய வேலைவாய்ப்புத் தளம் உள்ளது. 2020 முதல் இதனைச் சொக்சோ நடத்துகிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. நம் படிப்பு, அனுபவம், வசிப்பிடம் ஆகியவற்றைப் பதிந்தால், அவற்றுக்கு ஏற்ற காலியிடங்களைத் தளமே எடுத்துக் காட்டும். இணையம் பழக்கமில்லாதோர் ஈப்போவிலுள்ள சொக்சோ அலுவலகத்திற்கு நேரில் சென்று உதவி கேட்கலாம். வீட்டில் கணினி இல்லையெனில் ஈப்போ துன் ரசாக் நூலகமும் புறநகர்ப் பகுதிகளிலுள்ள ‘நாடி’ இணைய மையங்களும் துணைநிற்கும்.

பதியும்போது “அனுபவம் இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. டிராக்டர் ஓட்டியவர், பால் கொட்டாயில் இயந்திரத்தைக் கவனித்தவர், பட்டறையில் வெல்டிங் செய்தவர் ஆகிய யாவரும் அனுபவமுள்ளோரே. எங்கே, எத்தனை ஆண்டு, எந்த இயந்திரம் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும்.

மூன்றாம் கருவி: தகுதிச் சான்று

கை அறிந்த தொழிலைத் தாளும் அறிவிக்க வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம். இதற்கென்றே உள்ளது. இது மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இச்சான்றிதழ்களுக்கு அடிப்படையாகும்.

வகுப்புக்குச் சென்று பயில்வது ஒரு வழி. ஈப்போவிலேயே மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்காக 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும் இந்நகரில்தான் உள்ளது.

மற்றொரு வழி பலர் அறியாதது. ‘பி.பி.டி.’ எனப்படும் முன்னனுபவ அங்கீகார முறையின்படி, ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மீண்டும் வகுப்பில் அமரவேண்டியதில்லை. தாம் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்து அளித்து, மதிப்பீட்டாளர் முன் தம் திறனை மெய்ப்பித்தால் சான்றிதழ் பெறலாம். பத்தாண்டுகள் வெல்டிங் செய்தும் ‘கூலியாள்’ என்றே ஊதியம் பெறுபவருக்கு இவ்வழி பெரும் மாற்றத்தைத் தரக்கூடும்.

வேலை இழந்தவர் கவனிக்க

வேலை நீக்கம் செய்யப்பட்டவருக்கு நாள் கணக்கு முக்கியம். 2018-இல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தில் சந்தா செலுத்திய தொழிலாளி, வேலை இழந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் சொக்சோவிடம் மனுச் செய்யவேண்டும். தகுதியுடையோருக்கு வேலை தேடும் காலத்தில் உதவித்தொகையும், புதுத் தொழில் கற்கப் பயிற்சி உதவியும் உண்டு. தாமாக வேலையை விட்டோருக்கு இது பொதுவாகக் கிட்டாது. எனவே, பொருள் விளங்காத விலகல் கடிதத்தில் எவர் சொல்லியும் கையொப்பமிடக் கூடாது.

ஆட்குறைப்பு இழப்பீடு இதனின்றும் வேறானது. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றியவருக்கு முதலாளி இழப்பீடு அளிக்கவேண்டும். சேவை இரண்டாண்டுக்குக் குறைவாயின், ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குக் குறைவாயின் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலுமாயின் 20 நாள். இதில் ஐயமிருப்பின் தொழிலாளர் இலாகாவில் விசாரிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

வேலை தருவதாகக் கூறி முன்பணமும் வங்கி அட்டையும் கேட்பவரை நம்பலாகாது. தனியார் வேலை முகவர்கள் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதனைக் காட்டும்படி கேட்பது நம் உரிமை. வெளிநாட்டில் பெருஞ்சம்பளம் என்ற பேச்சில் மயங்கிய மலேசிய இளைஞர் பலர், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகள் 2022-இல் நாட்டையே கலங்கவைத்தன. பணம் பறிபோனால் உடனே 997 எனும் எண்ணுக்கு அழைக்கவேண்டும். வேலை ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், சேமநிதி, சொக்சோ ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதையும் நினைவிற்கொள்வோம்.

வாசகர் செய்யவேண்டியவை மூன்று: இவ்வாரம் பத்திரங்களை ஒரு கோப்பில் சேர்த்தல், அடுத்த வாரம் பெயரைப் பதிதல், இம்மாதத்திற்குள் தம் தொழிலுக்குரிய சான்றிதழைப் பற்றி விசாரித்தல். படித்த பிள்ளைகள் தம் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் இவற்றில் கைகொடுக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் நம் பெயரை வாசிக்க இனி எவரும் வரப்போவதில்லை. நம் பெயரை நாமே சென்று பதிந்துகொள்வோம்.