புதிய டிரான்ஸ்மிட்டருக்கு மாறுகிறீர்களா? முதலில் பிளேடுகளைக் கழற்றுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய பின்னர், அதனுடன் இணைத்துப் பயன்படுத்தக் கூடிய பொழுதுபோக்குகள் பல இருப்பது நமக்குத் தெரிய வருகிறது. ரேடியோ மூலம் மாடல் ஹெலிகாப்டரைப் பறக்கவிடுவது அவற்றில் ஒன்று. இதில் ஈடுபடுவோர் கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டரே இன்று ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். பிராசசர், திரை, மெமரி கார்டு, யு.எஸ்.பி. போர்ட் எல்லாம் அதில் உண்டு. அதனை இயக்க ஒரு சாப்ட்வேரும் தேவை. எனவே பழைய டிரான்ஸ்மிட்டரிலிருந்து புதியதற்கு மாறுவது, பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதிய கம்ப்யூட்டருக்கு மாறுவது போலத்தான் தோன்றும்.

ஆனால் ஒரு வேறுபாடு உள்ளது. புதிய கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங் தவறாக இருந்தால் பிரிண்டர் இயங்காது, அவ்வளவுதான். இங்கு செட்டிங் தவறினால் சுழலும் பிளேடு நம் பக்கம் திரும்பலாம். 700 வகை என்று அழைக்கப்படும் பெரிய மாடல்களில் ஒரு பிளேடின் நீளம் ஏறத்தாழ 70 செ.மீ. இது நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்கையில் பிளேடின் முனை மணிக்கு ஏறத்தாழ 600 கி.மீ. வேகத்தில் செல்கிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், மாடல் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் அதன் பிளேடு தாக்கி உயிரிழந்தார். இதனை விளையாட்டுப் பொருள் என எண்ணிக் கையாளக் கூடாது. எனவே டிரான்ஸ்மிட்டர் மாற்றும்போது எதனை எந்த வரிசையில் செய்திட வேண்டும் என்று இங்கு பார்க்கலாம்.

1. இரண்டும் ஒரே மொழி பேசுகின்றனவா?

முன்பு அமெரிக்காவில் 72 மெகா ஹெர்ட்ஸ், ஐரோப்பிய நாடுகளில் 35 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இவை இயங்கின. ஒரே சானலில் இருவர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால், பறந்து கொண்டிருக்கும் மாடல் கீழே விழும். அடுத்து வந்த 2.4 கிகா ஹெர்ட்ஸ் முறை இந்தத் தொல்லையை நீக்கியது. ஒவ்வொரு ரிசீவரும் தனக்குரிய டிரான்ஸ்மிட்டரை மட்டுமே அடையாளம் கண்டு கேட்கும். இந்த ஜோடி சேர்க்கும் வேலைக்கு பைண்டிங் என்று பெயர்.

ஆனால் அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்திற்கு நிறுவனம் மொழி, அதாவது புரோட்டோகால், மாறும். ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டி.எஸ்.எம்.எக்ஸ்., ஃபுடாபாவின் ஃபாஸ்ட், ஓப்பன் சோர்ஸ் முறையில் உருவான எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். ஆகியவை ஒன்றுடன் ஒன்று பேசாது. மல்டி புரோட்டோகால் மாட்யூல் கொண்ட டிரான்ஸ்மிட்டர் பல மொழிகளை அறியும், எல்லாவற்றையும் அறியாது. ஃபாஸ்ட் அதில் இல்லை. எனவே பணம் கொடுக்கும் முன் உங்கள் ரிசீவரின் மேல் எழுதியிருக்கும் பெயரைக் குறித்துக் கொண்டு, அது புதிய டிரான்ஸ்மிட்டரின் பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள். இல்லை என்றால் ரிசீவரையும் சேர்த்து வாங்க வேண்டியதிருக்கும்.

மோட் என்பதனையும் கவனிக்கவும். மோட் 2 என்றால் மோட்டார் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் கவனிக்கும் ஸ்டிக் இடது கையில் இருக்கும்; மோட் 1 என்றால் வலது கையில். பழகிய மோடிலேயே வாங்குங்கள்.

2. எண்களை அப்படியே எழுத முடியாது

பழைய டிரான்ஸ்மிட்டரின் திரையைப் பார்த்து, அதிலுள்ள எண்களை எல்லாம் புதியதில் டைப் செய்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியல்ல. 100 சதவீதம் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவு இல்லை. டிரான்ஸ்மிட்டர் சொல்வது மைக்ரோ செகண்ட் கணக்கில் சர்வோ மோட்டாரைச் சென்றடைகிறது. ஸ்பெக்ட்ரத்தில் 100 சதவீதப் பயணம் என்பது 1,100 முதல் 1,900 வரை. எட்ஜ் டி.எக்ஸ். என்னும் சாப்ட்வேரில் இயங்கும் டிரான்ஸ்மிட்டரில் அதுவே 988 முதல் 2,012 வரை.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். பழையதில் மோட்டாருக்கு 70 சதவீதம் வைத்திருந்தால், சென்ற அளவு 1,660. புதியதில் அதே 70 சதவீதம் 1,705 ஆகிறது. ரிசீவரிலிருந்து நேராக இணைக்கப்பட்டுள்ள ஸ்பீடு கண்ட்ரோலர், பழைய அளவிலேயே இதனைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 76 சதவீதமாக எடுத்துக் கொள்ளும். நீங்கள் கேட்காமலேயே ரோட்டார் வேகம் கூடிவிடும். எனவே ஸ்பீடு கண்ட்ரோலரைப் புதிய டிரான்ஸ்மிட்டருடன் மீண்டும் காலிபிரேட் செய்திட வேண்டும். பழைய எண்களைக் குறிப்பு நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அவை வழிகாட்டத்தான், அப்படியே காப்பி செய்திட அல்ல.

இன்னொரு முக்கிய இடம் ஸ்வாஷ்பிளேட் செட்டிங். மூன்று சர்வோக்களின் அசைவைக் கலந்து பிளேடுகளைச் சாய்ப்பது ஸ்வாஷ்பிளேட். இன்றைய மாடல்களில் இந்தக் கலவை வேலையை ஹெலிகாப்டரிலேயே உள்ள ஃப்ளைபார்லெஸ் யூனிட் செய்துவிடுகிறது. ஆகவே டிரான்ஸ்மிட்டரில் 120 டிகிரி போன்ற கலவை எதனையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. கலவை இல்லாத சாதாரண ஒரு சர்வோ வகையே வேண்டும். இரண்டு இடங்களில் கலவை நடந்தால் எந்த ஸ்டிக் எதனை அசைக்கும் என்று சொல்ல முடியாது. டிரிம் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

3. கம்ப்யூட்டரில் ஒரு பிரதி

எட்ஜ் டி.எக்ஸ்., 2021 ஆம் ஆண்டு ஓப்பன் டி.எக்ஸ். என்னும் சாப்ட்வேரிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவச சாப்ட்வேர். இது உள்ள டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்தால், ஸ்டோரேஜ் வேண்டுமா, ஜாய்ஸ்டிக் வேண்டுமா எனக் கேட்கும். ஸ்டோரேஜ் என்பதனைத் தேர்ந்தெடுத்தால், பென் டிரைவ் போலத் தோன்றும். அதில் மாடல்ஸ் என்ற போல்டரில் ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் ஒரு பைல் இருக்கும். ரேடியோ என்ற போல்டரில் பொது செட்டிங்ஸ் இருக்கும். இரண்டையும் காப்பி செய்து, அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட போல்டரில் சேமித்து வையுங்கள். எந்த மாற்றம் செய்யும் முன்னரும் இதனைச் செய்திடவும். வேலை முடிந்தவுடன் கேபிளைப் பிடுங்காமல், சேஃப்லி ரிமூவ் கிளிக் செய்து பின் எடுக்கவும்.

இணைத்தும் எதுவும் தோன்றவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் செய்வதற்கு மட்டுமே, டேட்டா செல்லாது. சில டிரான்ஸ்மிட்டர்களில் சார்ஜ் செய்ய ஒரு போர்ட், டேட்டாவிற்கு வேறு போர்ட் என இருக்கும்.

4. மேசைச் சோதனை

இப்போது பிளேடுகளைக் கழற்றுங்கள். மேலே உள்ளவற்றையும் வால் பிளேடுகளையும் கழற்ற வேண்டும். மோட்டாரின் வயர்களையும் பிரித்து விடுங்கள். அதன் பின்னரே பைண்டிங். எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்திடவும். ஆப் செய்கையில் ஹெலிகாப்டரை முதலில்.

அ. டிரான்ஸ்மிட்டரில் தேர்ந்தெடுத்துள்ள மாடல் பெயர் சரிதானா எனப் பாருங்கள்.

ஆ. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியே அசைத்து, ஸ்வாஷ்பிளேட்டும் வாலும் உரிய திசையில் செல்கின்றனவா எனப் பாருங்கள். எதிர்த் திசையில் சென்றால் டிரான்ஸ்மிட்டரில் மட்டும் அந்தச் சானலை ரிவர்ஸ் செய்யுங்கள். ஃப்ளைபார்லெஸ் யூனிட்டில் சர்வோ திசையை மாற்றாதீர்கள். முன்பு நன்றாகப் பறந்த மாடல் என்றால் அங்குள்ள திசைகள் சரியாகவே உள்ளன. மாற்றினால் கைரோ சமன் செய்வதற்குப் பதிலாக எதிராக வேலை செய்து, மாடலைக் கவிழ்த்துவிடும்.

இ. ஹெலிகாப்டரைக் கையில் பிடித்து மூக்கைக் கீழே சாயுங்கள். ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய்ந்து, பழைய நிலைக்குக் கொண்டு வர முயல வேண்டும்.

ஈ. த்ராட்டில் ஹோல்டு என்னும் மோட்டார் நிறுத்தும் ஸ்விட்ச்சை அமையுங்கள். பழைய டிரான்ஸ்மிட்டரில் எந்த விரல் தேடுமோ, அதே இடத்திலுள்ள ஸ்விட்ச்சையே தேர்ந்தெடுங்கள். ஆபத்து நேரத்தில் மூளை யோசிக்காது, விரல்தான் போகும். அந்த ஸ்விட்ச் ஆனில் இருக்கையில், ஸ்டிக் எங்கிருந்தாலும் மோட்டார் சானல் அடிமட்டத்திலேயே நிற்க வேண்டும். இதனைச் சானல் மானிட்டர் திரையில் பார்த்து உறுதி செய்திடவும்.

உ. ஃபெயில் சேஃப் சோதனை. ஸ்டிக்கைப் பாதியில் வைத்து டிரான்ஸ்மிட்டரை ஆப் செய்யுங்கள். மோட்டார் சானல் உடனே பூஜ்யத்திற்கு வர வேண்டும். கடைசியாக இருந்த வேகத்திலேயே நின்றால் பறக்கவிடவே கூடாது. ரிசீவருடன் வந்த குறிப்பின்படி ஃபெயில் சேஃப் அமைத்து மீண்டும் சோதியுங்கள்.

5. விரல்களுக்குப் பயிற்சி

மேலே சொன்ன எதுவும் காப்பி செய்ய முடியாத ஒன்று உண்டு. அது உங்கள் விரல்களின் பழக்கம். புதிய டிரான்ஸ்மிட்டரில் ஸ்டிக்கின் உயரம், ஸ்பிரிங்கின் இறுக்கம், ஸ்விட்ச் இருக்கும் இடம் எல்லாம் மாறியிருக்கும். இங்குதான் கம்ப்யூட்டர் பெரிதும் உதவுகிறது. யு.எஸ்.பி. இணைப்பில் ஜாய்ஸ்டிக் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் சர்ச் கட்டத்தில் கேம் கண்ட்ரோலர் என ஆங்கிலத்தில் டைப் செய்து, கிடைக்கும் விண்டோவில் உங்கள் டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் கிளிக் செய்திடவும். ஸ்டிக்கை அசைத்தால் திரையில் குறியும் அசையும்.

பின்னர் ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் போன்ற சிமுலேட்டர் புரோகிராமில் பறந்து பழகுங்கள். அங்கு விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் மாடல் மீண்டும் நிற்கும், செலவு இல்லை. ஹோல்டு ஸ்விட்ச்சை அங்கேயே வேண்டுமென்றே பலமுறை போட்டுப் பழகுங்கள். பார்க்காமல் விரல் அதனைத் தொடும் வரை மைதானத்திற்குச் செல்ல வேண்டாம்.

6. மைதானத்தில்

முதல் நாள் ரேஞ்ச் சோதனை செய்திடவும். டிரான்ஸ்மிட்டரில் இதற்கென உள்ள மெனுவில் சக்தி குறைக்கப்படும். அந்த நிலையில் டிரான்ஸ்மிட்டரின் குறிப்பில் கூறப்பட்டுள்ள தூரம் நடந்து சென்று, எல்லா சர்வோக்களும் தடையின்றி அசைகின்றனவா என நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி நேரத்திற்கான டைமரையும், டிரான்ஸ்மிட்டர் பேட்டரி குறைந்தால் எச்சரிக்கும் ஒலியையும் அமைத்துவிட்டீர்களா எனவும் பார்க்கவும். பழையதில் இருந்தன என்பதற்காகப் புதியதில் தாமாக வந்துவிடாது.

இவ்வளவும் முடிந்த பின்னரே பிளேடுகளை மாட்டுங்கள். மாட்டும் முன் ஹோல்டு ஸ்விட்ச் ஆனில் இருக்கட்டும். தள்ளி நின்று, ஆட்கள் இல்லாத திசையில் தாழ்வாக நிறுத்திப் பறந்து, ஒரு நிமிடத்தில் இறக்கி, எல்லா ஸ்குரூக்களையும் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கு ஒரு மாலை நேரம் ஆகும். வாங்கிய அன்றே பறக்கவிட வேண்டும் என்ற ஆவலை அந்த ஒரு மாலை மட்டும் அடக்கி வைத்தால், புதிய டிரான்ஸ்மிட்டர் பல ஆண்டுகள் மகிழ்ச்சி தரும்.