மேல்நிலைக் கல்வியின் இரண்டு ஆண்டுகள்: திருவனந்தபுரம் தரும் பாடம்

பள்ளி வாழ்வின் பன்னிரண்டு ஆண்டுகளுள் இறுதி இரண்டு ஆண்டுகளே மாணவரின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கின்றன. மருத்துவமா, பொறியியலா, கலைப்படிப்பா, தொழிற்பயிற்சியா, அல்லது படிப்பை விட்டு வேலைக்குச் செல்வதா என்ற வினாக்களுக்கு 16, 17 வயதில் விடை காண வேண்டியுள்ளது. ஆயினும் கல்வித் திட்டங்களில் மிகக் குறைவாகக் கவனம் பெறும் பருவமும் இதுவே. தொடக்கக் கல்விக்குச் சட்டத்தின் காப்பு உண்டு. உயர்கல்விக்குப் பல்கலைக்கழகங்களின் கட்டமைப்பு உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மேல்நிலை மாணவருக்கு எவ்வகை ஆதரவு கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதைக் கேரளத்தின் தலைநகரான திருவனந்தபுரத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறாம் பாரம் முதல் பிளஸ் டூ வரை

முதியோர் பலர் இன்றும் 'ஆறாம் பாரம்' என்ற சொல்லை நினைவில் வைத்துள்ளனர். பழைய சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பு அப்பெயரால் வழங்கியது. ஆங்கில நாட்டில் அதே பெயர் வேறொரு நிலையைக் குறிக்கிறது. 16 முதல் 18 வயது வரை பள்ளியிலேயே தங்கிப் பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தமாகும் இரண்டு ஆண்டுகளே அங்கு ஆறாம் பாரம். நம் நாட்டில் அப்பருவம் நெடுங்காலம் கல்லூரியைச் சார்ந்தே இருந்தது. முதலில் இன்டர்மீடியட், பின்னர் ஓராண்டுப் புகுமுக வகுப்பு, கேரளத்தில் 1964 முதல் இரண்டாண்டு பிரீ டிகிரி என அதன் வடிவம் மாறி வந்தது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரைகளின் வழியே பத்து, இரண்டு, மூன்று என்ற ஆண்டமைப்பு தேசியக் கொள்கையாயிற்று. தமிழ்நாடு 1978இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கியது. கேரளத்தில் இம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. பிரீ டிகிரியைக் கல்லூரிகளிலிருந்து பிரிக்கும் முயற்சி 1980களின் நடுவில் ஆசிரியர், மாணவர் கிளர்ச்சிகளை எதிர்கொண்டது. 1990இல் சில அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பெற்றன. படிப்படியாக விரிவடைந்து, 2000-01 கல்வியாண்டில் பிரீ டிகிரி முற்றிலும் நீங்கியது.

இம்மாற்றத்தின் சமூகப் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரீ டிகிரி மாணவர் கல்லூரியில் பெரியவராக நடத்தப்பட்டார். அவருக்குச் சுதந்திரம் இருந்தது, கண்காணிப்பு குறைவு. இன்றைய பிளஸ் டூ மாணவர் சீருடை அணிந்து, வருகைப் பதிவேட்டிற்குக் கட்டுப்பட்டவர். பள்ளி அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பொறுப்பை ஏற்ற பின் பராமரிப்பையும் ஏற்பதே முறை.

நுழைவாயில்

இந்நகரின் சுற்றுப்புறத்தில் கல்விக்கான போராட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டிப் போராடினார். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் முயன்றதும், எதிர்ப்பாளர்கள் அப்பள்ளிக்கே தீயிட்டதும் 1910இல் நிகழ்ந்தவை. இன்று எந்தப் பள்ளியும் சாதியைக் காட்டிக் கதவை அடைக்க இயலாது. வெள்ளாயணியில் அய்யங்காளியின் பெயரால் பட்டியல் இனத்தார், பழங்குடியினர் பயிலும் அரசு மாதிரி உறைவிட விளையாட்டுப் பள்ளி இயங்குகிறது.

பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்குக் கேரளம் கையாளும் முறை 'ஏகஜாலகம்' எனப்படும் ஒற்றைச் சாளர முறையாகும். இது 2007இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுதும் பரவியது. மாணவர் ஒரே விண்ணப்பத்தில் தாம் விரும்பும் பள்ளிகளையும் பாடத் தொகுதிகளையும் வரிசைப்படுத்தித் தருவர். பத்தாம் வகுப்புத் தரநிலையும், உள்ளூர்வாசி என்பன போன்ற காரணங்களுக்கான கூடுதல் புள்ளிகளும் கணக்கிடப்பெற்று, கணினி வழியே இடம் ஒதுக்கப்படுகிறது. முன்னர்ப் பெற்றோர் பள்ளி பள்ளியாக அலைந்து விண்ணப்பம் வாங்கிய நிலை இதனால் பெரிதும் மாறியது. சிபாரிசுக்கு இடமும் குறைந்தது.

எனினும் முறை நேர்மையானது என்பதால் மட்டும் மாணவரின் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டாம், மூன்றாம் ஒதுக்கீட்டிலும் துணை ஒதுக்கீட்டிலும் இடம் பெறுவோர், வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே சேர்கின்றனர். பத்து ஆண்டுகள் உடன் பயின்ற நண்பர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். அறிமுகமற்ற ஐம்பது பேருக்கு நடுவே, முதற்பாடங்களைத் தவறவிட்ட நிலையில் ஒரு மாணவர் அமர்கிறார். அவரை வரவேற்று வழிப்படுத்துவது யாருடைய கடமை என்பது எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

மொழியும் பாடமும்

கேரள மேல்நிலைக் கல்வியில் மாணவர் ஆங்கிலத்தையும் ஓர் இரண்டாம் மொழியையும் பயின்று, அவற்றுடன் நான்கு விருப்பப் பாடங்களைக் கொள்கின்றனர். அறிவியல், வணிகவியல், மானிடவியல் என்னும் மூன்று பிரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடத் தொகுதிகள் உள்ளன. தெரிவுக்கு இத்துணை வாய்ப்பு இருப்பது நன்றே. ஆனால் தெரிந்தெடுக்கும் அறிவைப் பதினைந்து வயது மாணவருக்கு யார் வழங்குகின்றனர்? கற்றறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆலோசனை கிடைக்கிறது. பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரையின் மீனவர் குடும்பத்துப் பிள்ளைக்கும், விதுரை, குற்றிச்சல் மலையோரத்துக் காணிக்காரர் குடும்பத்துப் பிள்ளைக்கும் பள்ளியை விட்டால் வேறு ஆலோசகர் இல்லை.

தாய்மொழி வழியில் பத்தாம் வகுப்பை முடித்தோர்க்கு மற்றோர் இடர் காத்திருக்கிறது. இயற்பியல், வேதியியல், கணக்கியல் முதலிய பாடங்கள் மேல்நிலையில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடத்தப்படுகின்றன. மலையாள வழியில் பயின்றோர்க்கும், கரமனை, சாலை, கோட்டைப் பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து தமிழ் வழியில் பயின்று வருவோர்க்கும் இவ்விடர் பொதுவானது. பொருள் புரிந்தும் சொல் தெரியாமல் பின்தங்கும் மாணவரைத் 'திறன் குறைந்தவர்' என்று வகைப்படுத்துவது பெரும் அநீதியாகும்.

பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையே

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கே உரியது. மத்திய அரசின் துணையுடன் நடைபெறும் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை நீள்கிறது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு இரு மாநிலங்களிலும் இந்த உணவு உரிமை இல்லை. வளர்ச்சியின் வேகமும் பசியும் மிகுந்த வயதில் சமையற்கூடத்தின் கதவு அடைபடுகிறது. ஒரே வளாகத்தில் எட்டாம் வகுப்பில் பயிலும் தங்கைக்கு உணவு உண்டு, பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அண்ணனுக்கு இல்லை. இங்கிலாந்தில் வறிய குடும்பத்தைச் சேர்ந்த ஆறாம் பார மாணவருக்கும் பள்ளியில் இலவச உணவு தரப்படுகிறது என்பது ஒப்பு நோக்கத்தக்கது.

பொருளுதவித் துறையில் நம் நிலை இதனினும் மேம்பட்டது. பட்டியல் இனத்தாருக்கான மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. பதினோராம் வகுப்பு முதலே அது பயன் தருகிறது. 2008இல் தொடங்கிய தேசிய வருவாய் வழி மற்றும் தகுதி உதவித்தொகை, எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேர்வின் அடிப்படையில், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்குகிறது.

கேரள அரசின் 'படனமுறி' என்னும் படிப்பறைத் திட்டம் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பட்டியல் இன மாணவரின் வீட்டோடு சேர்த்து 120 சதுர அடியில் ஓர் அறை கட்டிக்கொள்ள 2 இலட்சம் ரூபாய் அளிக்கும் திட்டம் இது. பழங்குடிக் குடியிருப்புகளில் பொதுவான சமூகப் படிப்பறைகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒரே அறையில் சமையலும் உறக்கமும் நிகழும் வீட்டில் கால்குலஸ் பயில்வது எத்துணைக் கடினம் என்பதை உணர்ந்தோரே இத்தகைய திட்டத்தை வகுத்திருக்க இயலும்.

உதவித் திட்டங்கள் பலவாக இருப்பதே சில வேளைகளில் இடையூறாகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிச் சான்றிதழ், தனிக் கடைசி நாள். வருமானச் சான்றிதழுக்காகக் கிராம அலுவலகத்தில் ஒரு நாள் காத்திருக்கும் கூலித் தொழிலாளி அன்றைய கூலியை இழக்கிறார். உதவி பெறுவதற்கே ஒரு செலவு உண்டு என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது.

மனநலமும் தேர்வும்

2015-16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது 7.3 விழுக்காட்டினர், மனநலச் சிக்கல் உடையவர்கள் எனக் கண்டது. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் மூன்று அல்லது நான்கு மாணவர் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் நாள்தோறும் அவர்களைக் காண்கிறார். அடையாளம் கண்டுகொள்கிறாரா என்பதே கேள்வி.

கேரள மேல்நிலைப் பள்ளிகளில் தொழில் வழிகாட்டலுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கான ஆலோசனைக்கும் தனிப்பிரிவு ஒன்று செயல்படுகிறது. அதன் கீழ் பள்ளிகளில் 'சௌஹிருத' மன்றங்கள் இயங்குகின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் அதன் ஒருங்கிணைப்பாளர். மேலும், 'திசா' என்னும் தொலைபேசிச் சேவை 1056 என்ற எண்ணில் இரவு பகலாக ஆலோசனை வழங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் இவ்வெண்களை வகுப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

தேர்வில் தவறியோர்க்குக் கேரளத்தில் 'ஓர் ஆண்டைக் காப்போம்' என்னும் பொருள்படும் துணைத்தேர்வு நடத்தப்படுகிறது. முடிவு வெளியான சில வாரங்களிலேயே மீண்டும் எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். தோல்வி என்பது முடிவன்று என்பதை அறிவுரையால் சொல்வதைக் காட்டிலும் இவ்வேற்பாடு உறுதியாகச் சொல்கிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாடம் நடத்தும் ஆசிரியரே ஆலோசகராகவும் இருக்கும்போது, தமக்கு மதிப்பெண் இடுபவரிடம் மாணவர் மனந்திறந்து பேசத் தயங்குவர். ஆகவே இந்நெறி காலத்திற்கு ஏற்றதே.

செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, மாணவருக்கு உரிய ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஆங்கில நாட்டு ஆறாம் பாரத்தில் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று, பாடம் மட்டுமன்றி வருகை, உடல்நலம், மேற்படிப்பு விண்ணப்பம் ஆகியவற்றையும் கவனிக்கிறார். நம் வகுப்பில் ஐம்பது பேர் எனின், இரு ஆசிரியர்க்கு இருபத்தைந்து பேராகப் பகிரலாம். இதற்குப் புதிய பணியிடம் தேவையில்லை. கால அட்டவணையில் வாரத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவதாக, முதல் மாதத்தில் இணைப்புப் பாடம் வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் அடிப்படைக் கலைச்சொற்களையும் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் இணைத்துக் கற்பித்தல் நன்று. தாமதமாகச் சேர்வோர்க்கு அது மீண்டும் நடத்தப்பட வேண்டும். 2020 ஜூன் 1 முதல் பெருந்தொற்றுக் காலத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை நடத்திய அனுபவம் கேரளத்திற்கு உண்டு. அதனை இதற்கும் பயன்கொள்ளலாம்.

மூன்றாவதாக, உதவித்தொகைகள் அனைத்திற்கும் ஒரே விண்ணப்பம் வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரம் இயலுமெனின், உதவிக்கும் அது இயலும். சேர்க்கையின்போதே பெறப்படும் விவரங்களைக் கொண்டு, தகுதியுடையோரைத் துறையே கண்டறியலாம்.

நான்காவதாக, மதிய உணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிப்பது பற்றி அரசுகள் எண்ணிப் பார்க்க வேண்டும். நிதிச் சுமை மெய்யானதே. எனினும் சமையற்கூடமும் பணியாளரும் ஏற்கெனவே உள்ள வளாகங்களில், வறிய குடும்பத்து மாணவரிடமிருந்து தொடங்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 18 வயது வரை அனைவருக்கும் பள்ளிக்கல்வி கிடைத்திடல் வேண்டும் என்கிறது. வயது வரம்பு உயருமாயின் உணவின் வரம்பும் உயர்வதே பொருத்தம்.

பள்ளிக்குள் நுழைய வேண்டும் என்பது பஞ்சமியின் காலத்துக் கோரிக்கை. அது பெருமளவு நிறைவேறியுள்ளது. நுழைந்தவர் பசியின்றி, அச்சமின்றி, தனிமையின்றிப் பயின்று வெளியேற வேண்டும் என்பது இன்றைய கோரிக்கை. முன்னதற்குச் சட்டமும் போராட்டமும் தேவைப்பட்டன. பின்னதற்கு வகுப்பறையில் ஓர் ஆசிரியரின் கவனமும், அலுவலகத்தில் ஓர் அலுவலரின் அக்கறையும் தேவை. இவை இரண்டும் நம் கைக்கு எட்டாதவை அல்ல.