கடைக்கு ஒரு வெப்சைட்: வேர்ட்பிரஸ் குறிப்புகள்

ராயபுரத்தில் மீன்வலைக் கடையோ, எண்ணூரில் லேத் பட்டறையோ, சொந்த வெப்சைட்டுக்கு 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் தாராளமாகப் போதும். மென்பொருள் இலவசம், டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும்தான் பணம். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். செய்து தருபவர் பெயரில் இருந்தால் கடைச் சாவி அவர் கையில் இருப்பதுபோல்தான்.

தளத்தின் மொழியைத் தமிழாக்கலாம். ஒரு சிக்கல் உண்டு: ‘காசிமேடு மீன் விலை’ என்று தலைப்பிட்டால் லிங்க்கும் தமிழிலேயே அமையும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு, பார்ப்பவர் வைரஸ் என்று பயப்படுவார். வெளியிடும் முன்பே லிங்க்கை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிவிடுங்கள்.

முகவரி, கடை நேரம் போன்ற மாறாத விவரங்களைப் பக்கமாக வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் எப்படி என்பது போன்ற செய்திகளுக்குப் பதிவு போதும்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறையுங்கள். தேவையில்லாத பிளகின்களை நீக்குங்கள். அப்டேட் கொடுக்கும் முன் பேக்கப் எடுத்து, ஒரு பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.