குழாயை அறுக்காமல் தடிமன் அளக்க

பத்து வருடம் நீராவி ஓடிய குழாய். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சம்? அதை அறுக்காமலே சொல்வது அல்ட்ராசோனிக் தடிமன் கேஜ். கைக்குள் அடங்கும், பொத்தான்களும் குறைவு. அதனாலேயே யார் கையில் கொடுத்தாலும் அளந்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேஜ் அளப்பது தடிமனை அல்ல, நேரத்தை. ப்ரோப் அனுப்பும் ஒலி மறுபக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்கித் திரையில் காட்டுகிறது. சாதாரண எஃகில் அந்த வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர், செம்பில் 4,700. எஃகுக்கு வைத்த வேகத்தை மாற்றாமல் செம்புக் குழாயில் வைத்தால், 4 மி.மீ. சுவர் 5 மி.மீ. என்று வரும்.

வாங்கப் போகும்போது விலைப்பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, எதை அளக்கப் போகிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்த பைப், டேங்க் என்றால் இரட்டைப் படிகம் வைத்த 5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப். வார்ப்பிரும்பில் ஒலி சிதறும். 2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும். பெயின்ட் அடித்த பரப்பு என்றால், பூச்சைக் கணக்கில் சேர்க்காமல் இரும்பை மட்டும் அளக்கும் ‘எக்கோ டு எக்கோ’ வசதி கட்டாயம். சூடான லைனுக்குத் தனி ப்ரோப் உண்டு. சாதாரண ப்ரோப் 50 டிகிரியைத் தாண்டினால் கெடத் தொடங்கும். கொஞ்சம் கூடச் செலவானாலும் அலையைத் திரையில் காட்டும் ஏ-ஸ்கேன் மாடலையே வாங்கச் சொல்வேன். விரிசல் தேடுவதற்கு இந்தக் கருவி ஆகாது. அதற்கு டை பெனட்ரன்ட், மேக்னடிக் பார்ட்டிகிள் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன் காலிப்ரேஷன். அளக்கப் போகும் உலோகத்திலேயே செய்த படிக்கட்டு பிளாக் வேண்டும். உங்கள் குழாய் 5 முதல் 9 மி.மீ.க்குள் இருக்கும் என்றால், 4-லும் 10-லும் சரிபார்த்துவிடுங்கள். ப்ரோப் மாற்றினாலும், சாப்பிட்டுவிட்டு வந்தாலும், வேலை முடிந்ததும் மறுபடி பிளாக்கில் வையுங்கள். கடைசியில் தவறினால், முன்பு சரியாக இருந்த நேரத்துக்குப் பிறகு எடுத்த ரீடிங் அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டும்.

இடத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, உதிரும் துருவை எடுத்துவிட்டு, கொண்டைக்கடலை அளவு ஜெல் வையுங்கள். காற்று இடைவெளி இருந்தால் ஒலி உள்ளே போகாது. ப்ரோப்பின் முகத்தில் இரண்டு படிகங்களையும் பிரிக்கும் கோடு ஒன்று தெரியும். குழாயில் வைக்கும்போது அந்தக் கோடு குழாயின் நீளத்துக்குக் குறுக்கே இருக்கட்டும். ப்ரோப்பை லேசாகத் திருப்பிப் பாருங்கள். நிலையாக நிற்பதில் குறைந்த எண்ணையே எழுதுங்கள்.

பல வருடம் முன்பு ஓர் ஆலையில் எண்ணெய் டேங்கின் அடி வரிசை முழுக்க 8.4 மி.மீ. என்று எழுதி நீட்டினேன். வரைபடத்தில் 8 மி.மீ. பிளேட். “தம்பி, துருப்பிடிச்ச பிளேட் தடிச்சுப் போகுமா?” என்று கேட்டார் என்னோடு வந்த மூத்தவர். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி அளந்தோம்: 6.9. பெயின்டில் ஒலி எஃகில் போவதில் பாதி வேகம்கூடப் போகாது. அரை மில்லிமீட்டர் பூச்சே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இரும்பாகக் கணக்கில் ஏறிவிடும். அன்று அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்த டேங்க் நல்ல டேங்க் என்றே ஓடியிருக்கும்.

சந்தேகப்பட வேண்டிய எண்கள் இன்னும் உண்டு. 12 மி.மீ. பிளேட்டில் திடீரென 6 வந்தால் துருவாகவும் இருக்கலாம், பிளேட்டுக்குள் உள்ள அடுக்குப் பிளவாகவும் இருக்கலாம். சுற்றிலும் நகர்த்தி அலையைப் பாருங்கள். ப்ரோப்பின் எல்லைக்குக் கீழே மெலிந்த சுவர் இரட்டிப்பாகக் காட்டும்: 1 மி.மீ. சுவர் 2 என்று வரும். உலோகம் 55 டிகிரி சூடேறினால் ரீடிங் சுமார் ஒரு சதவீதம் கூடும். இந்தக் கடைசி இரண்டு பிழைகளும் சுவரைத் தடிமனாகவே காட்டும் என்பதுதான் ஆபத்து.

எல்போவின் வெளி வளைவு, படுக்கைக் குழாயின் அடிப்பக்கம், கன்ட்ரோல் வால்வுக்கு அடுத்த துண்டு — முதலில் தேய்வது பெரும்பாலும் இவைதான். புள்ளி வைத்து எண் போடுங்கள். அடுத்த முறையும் அதே புள்ளியில்தான் ப்ரோப் உட்கார வேண்டும். மூன்று வருடத்தில் 8.0 என்பது 7.4 ஆனால், வருடத்துக்கு 0.2 தேய்கிறது. 6.0 வரை தாங்கும் என்றால் மிச்ச ஆயுள் ஏழு வருடம். அடுத்த சோதனையை அதில் பாதிக்குள், அதாவது மூன்றரை வருடத்துக்குள் வைக்க வேண்டும். ரிப்போர்ட்டில் தடிமனோடு ப்ரோப் எண், பிளாக்கில் வந்த ரீடிங், உலோகத்தின் சூடு, பெயின்டைச் சுரண்டினோமா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை வேறு ஒருவர் அந்தப் புள்ளியில் ப்ரோப் வைக்கும்போது இவ்வளவும் தேவைப்படும்.